பத்தரை மணி பஸ், 7B

தாப்பா பஸ் நிலையத்தில் நவமணியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவளைக் கோபக்காரி என்பார்கள். அது தப்பு. கோபப்பட வேண்டிய இடத்தில் மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அவள் போக மாட்டாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

வயது நாற்பத்தாறு. பிறந்தது தாப்பாவுக்குத் தெற்கே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அப்பா பெயர் ஐயாவு. அவரும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். அவள் பதினேழு வயதில் பள்ளியின் ஐந்தாம் படிவம் முடித்த வருஷம் தோட்டத்தை விற்றார்கள். ஆட்களை வெளியேற்றினார்கள், மரங்களைச் சாய்த்தார்கள், சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். நாலு வருஷம் கழித்து வேலிக்குள்ளே வரிசை வரிசையாக வீடுகள் எழும்பின. வாசலில் 'தாமான்' என்று பெயர்ப்பலகை வைத்தார்கள். மலாயில் தாமான் என்றால் பூந்தோட்டம். தோட்டத்து ஆட்களைத் துரத்திவிட்டுக் கட்டிய வீடுகளுக்கும் தோட்டம் என்றே பெயர். யாருக்கும் அது உறுத்தவில்லை. நவமணிக்கு உறுத்தியது.

பஸ் கவுண்டரில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கேமரன் மலைக்கு ஏறுகிற பஸ்ஸுக்கு டிக்கெட் கொடுக்க வேண்டும். மலைக்குப் போகிற வெள்ளைக்காரப் பயணிகள் முதுகில் மூட்டையோடு வந்து நிற்பார்கள். பஸ் சொன்ன நேரத்துக்கு வராது. காத்திருக்கிறவர்களிடம் நவமணி பேச்சுக் கொடுப்பாள்.

அப்படி ஒரு நாள், ஒரு டச்சுக்காரப் பெரியவர் எதிரே இருந்த மோட்டார் பட்டறையின் பலகையைப் பார்த்துச் சிரித்தார். பலகையில் 'பெங்கெல்' என்று இருந்தது. மலேசியாவில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அந்தச் சொல்தான் இருக்கும்.

"இது எங்கள் சொல்," என்றார் அவர். "வின்க்கல். எங்கள் ஊரில் கடை என்று அர்த்தம். கப்பலில் வந்த எங்கள் ஆட்கள் இந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்."

பின்னால் நின்ற ஒரு ஜெர்மன் பெண் விடவில்லை. "வின்க்கல் என்றால் கடையா? யார் சொன்னது? மூலை என்று அர்த்தம்."

இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே பஸ் ஏறினார்கள். நவமணி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த சொல், மலாய்ச் சொல் என்றே நம்பியிருந்த சொல், இத்தனை தூரம் கடல் தாண்டி வந்ததா? வந்தது மட்டுமா, அது பிறந்த வீட்டிலேயே இரண்டு பிள்ளைகள் இரண்டு விதமாகச் சொல்கிறார்களே! கையில் இருந்த கெட்டுப்போன டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். வின்க்கல், கடை, 10.30/7B. வின்க்கல், மூலை, 10.30/8A.

அதாவது பத்தரை மணி பஸ், ஏழாம் வரிசை, B சீட்டு. பயணிகளின் பெயரைக் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். சொன்னாலும் அந்தப் பெயர்கள் அவள் வாயில் நிற்காது. சீட்டு நம்பர் அவளே கொடுத்தது. அது மறக்காது.

மூன்று மாதம் கழித்து இன்னொரு டச்சுக்காரர் அந்த முடிச்சை அவிழ்த்தார். பழைய காலத்தில் அவர்கள் ஊரிலும் வின்க்கல் என்றால் மூலைதானாம். தெரு மூலையில்தான் கடை போடுவார்கள். மூலை என்று சொல்லிச் சொல்லியே அது கடை ஆகிவிட்டது. ஜெர்மன்காரர்கள் மூலையோடு நின்றுவிட்டார்கள். நவமணி கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்தாள். நிலையத்து மூலையில் சுபைதா அக்காவின் சாப்பாட்டுக் கடை. பலகையில் வேறு பெயர் இருந்தாலும் ஊரில் எல்லாருக்கும் அது 'மூலைக் கடை'தான்.

அன்றைக்குப் போய்க் கோடு போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் அந்த டிக்கெட்டை ஒட்டினாள்.

பிறகு பன்னிரண்டு வருஷம். பதினொரு புத்தகங்கள். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, டேனிஷ், சுவீடிஷ், நார்வே மொழி, ஐஸ்லாந்து மொழி எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு பயணி மரம் வரைந்து காட்டினார். அதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. லயத்தில் அடுத்த வீடு தெலுங்கு, அதற்கடுத்த வீடு மலையாளம். இந்த வீட்டில் பால், அந்த வீட்டில் பாலு. சொற்கள் சொந்தக்காரர்களாக இருக்கும் என்பது அவளுக்கு ஆறு வயதிலேயே தெரியும்.

அவளுக்கென்று சில சட்டங்கள் இருந்தன. சொல்லைப் பயணியே தன் கையால் எழுத வேண்டும். "நான் எழுதினா என் காது எழுதும். அவங்க எழுதினாத்தான் அது அவங்க சொல்லு," என்பாள். எழுதுவது பென்சிலில். அதே நாட்டிலிருந்து வேறொரு நாள், வேறொரு பஸ்ஸில் வருகிற இன்னொருவர் அதையே சொன்னால்தான் அவள் அதன் மேல் பேனாவால் எழுதுவாள். ஒருவர் சொல்வதை மட்டும் நம்பிப் பேனா எடுக்க மாட்டாள். பக்கத்தின் நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து ஒவ்வொரு நாட்டுச் சொல்லுக்கும் ஒரு கோடு. வட்டத்துக்குள் எழுத வேண்டிய ஆதிப் பொருள் என்ன என்று மாதக்கணக்கில் யோசிப்பாள்.

அந்தப் புத்தகங்களில் சில பக்கங்கள் அவளைத் தூங்கவிடாமல் செய்திருக்கின்றன. ஆங்கிலத்தில் 'நைட்' என்றால் குதிரை மேல் ஏறிய வீரன், அரசன் பட்டம் கொடுத்தவன். அதே சொல் ஜெர்மனில் 'க்னெஹ்ட்'. அர்த்தம் என்ன தெரியுமா? வேலைக்காரன். பண்ணையாள். ஆதியில் இரண்டும் பையன், ஏவலுக்கு நிற்கிற பையன். ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒருத்தனுக்குக் கடல் தாண்டிப் போன இடத்தில் பட்டம். இருந்த இடத்தில் இருந்தவனுக்கு மாட்டுக் கொட்டகை. அவன் என்ன குற்றம் செய்தான்?

"சொல்லுக்காக யாராவது கோபப்படுவாங்களா?" என்று சுபைதா அக்கா கேட்பார். தே தாரிக் தேநீர் நிறைந்த கண்ணாடிக் குவளையைக் கவுண்டருக்குள் நீட்டுவார். நவமணி அதைத் திறந்திருக்கிற புத்தகத்தின் மேலேயே வைத்துவிடுவாள். இரண்டாம் புத்தகத்தில், வேலி என்ற சொல்லைப் பற்றிய பக்கத்தில், அந்தக் குவளையின் அடிவட்டம் பழுப்பாக இன்றைக்கும் இருக்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் ரூபன் வந்தார்.

ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளர். நாற்பது வயதுக்குள். குடும்பத்தோடு மலைக்குப் போக வந்தவர், அவள் ஒரு டேனிஷ் தம்பதியிடம் எழுதி வாங்குவதைப் பார்த்தார். புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். பஸ் வந்தும் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது சாதாரண விஷயம் இல்லலா," என்றார். "பிரிண்ட் பண்ண வேண்டிய விஷயம். எல்லாத்தையும் குடுங்க. ரெண்டு வாரத்துல பார்த்துட்டுத் தர்றேன்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படித்த மனிதர் அவளுடைய புத்தகத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லவில்லை. பதினொன்றையும் துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு வாரம் இரண்டு மாதம் ஆனது. போன் செய்தால், "சிபுக்லா அக்கா, ரொம்ப வேலை. அடுத்த வாரம் கண்டிப்பா." பிறகு போனை எடுப்பது நின்றது. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு மட்டும் வரும். அதற்குள் டிக்கெட் கவுண்டரை மூடிவிட்டார்கள். அது இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின் வந்து நின்றது. மெஷின் வாரத்தில் இரண்டு நாள் வேலை செய்யாது. அதை யாரும் வேலையை விட்டு எடுக்கவில்லை. நவமணியைத்தான் பின்பக்கப் பார்சல் அறைக்கு மாற்றினார்கள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அது முழுதாக உறைத்தது. இனிமேல் எந்தப் பயணியும் அவள் முன்னால் வந்து நிற்கப்போவதில்லை. பார்சல் அறைக்கு வருவது முட்டைக்கோஸ் மூட்டையும் மோட்டார் டயரும்தான். அந்தப் பதினொரு புத்தகங்கள் போனால் போனதுதான். மறுபடி எழுதவே முடியாது. அதில் எழுதிய நூற்று எண்பத்து மூன்று பேரும் உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறார்களோ.

பதினாலாவது மாதம், மலைக்கும் ஈப்போவுக்கும் பஸ் ஓட்டுகிற தர்மா அண்ணன் கைப்பேசியை நீட்டிக்கொண்டு பார்சல் அறைக்குள் வந்தார்.

"தங்கச்சி, இதப் பாரு. ஈப்போவுல மண்டபத்து வாசல்ல ஒரு பந்திங் நிக்குது. பார்த்த மாதிரியே இருந்துச்சு, படம் புடிச்சேன்."

ஆள் உயர விளம்பரத் துணி. 'கடல் கடந்த சொற்கள்: முனைவர் ரூபனின் பன்னிரண்டு ஆண்டுக் கள ஆய்வு. சனிக்கிழமை காலை பத்து மணி. நூல் விரைவில்.' எழுத்துகளுக்குப் பின்னால் அழகுக்காக ஒரு பழைய தாளின் படம். அந்தத் தாளில் ஒரு பழுப்பு வட்டம்.

நவமணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு மூலைக் கடைக்குப் போனாள்.

சுபைதா அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "என் தே தாரிக் கிளாஸுடி இது!" என்று கத்தினார். "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அள்ளி ஊத்தியிருக்கான் பாரு. பன்னண்டு வருஷமாம்! எந்த வெயில்ல நின்னானாம்?"

"சனிக்கிழமை எனக்கு லீவு," என்றார் தர்மா. "போலாம்."

"போய் என்னண்ணே கேக்குறது? அவரு டாக்டர். நான் பார்சல் ஒட்டுறவ."

"பொஸ்தகத்தக் கேளு. வேற என்னத்தக் கேக்கப்போற? அவன் வீட்டுப் பொண்ணயா கேக்கப்போறோம்?"

சனிக்கிழமை தர்மாவின் பழைய காரில் போனார்கள். சுபைதா அக்கா நாசி லெமாக் சோறு இரண்டு பொட்டலம் கட்டிக் கொடுத்து, "சாப்பிட்டுட்டுச் சண்டை போடு, வெறும் வயித்துல போட்டா தோத்துருவ" என்றார். நவமணி சாப்பிடவில்லை. தர்மா இரண்டையும் சாப்பிட்டார்.

மண்டபத்தில் அறுபது, எழுபது பேர். தமிழாசிரியர்கள், கல்லூரி மாணவர்கள். கூட்டத்தை நடத்தியவர் வாசகர் சங்கச் செயலாளர் கலாதேவி, ஒரு தலைமையாசிரியை. மேடைக்குக் கீழே வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன் மேல் விசிறி மாதிரி அடுக்கி வைத்த பழைய நோட்டுப் புத்தகங்கள். 'ஆய்வாளரின் களக் குறிப்புகள். தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை.

தொடாதீர்கள்! அவள் புத்தகத்தை அவள் தொடக் கூடாது. நவமணி எழுந்துவிட்டாள். தர்மா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "முதல்ல என்ன சொல்றான்னு கேளு."

ரூபன் நன்றாகப் பேசினார். அதுதான் கொடுமை. வின்க்கல் மூலையிலிருந்து கடையான கதையைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். க்னெஹ்ட்டையும் நைட்டையும் சொன்னபோது ஆசிரியர்கள் குறிப்பெடுத்தார்கள். ஒவ்வொரு படமாகத் திரையில் விழுந்தது. பயணிகளின் கையெழுத்து, நவமணியின் வட்டம், நவமணியின் கோடு. தேதி இருந்த மேல் ஓரத்தை மட்டும் வெட்டியிருந்தார்.

ஒரு மாணவி கேட்டாள். "சார், பக்கத்துல 10.30/7B-ன்னு போட்டிருக்கே, அது என்ன?"

ரூபன் திரும்பித் திரையைப் பார்த்தார். "அது மூல நூல் குறியீடு. பத்தாம் தொகுதி, முப்பதாம் பக்கம், 7B பிரிவு. ஆய்வுன்னா இப்படித்தான் ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் காட்டணும்."

மாணவி அதை எழுதிக்கொண்டாள்.

நவமணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திருடியதையாவது ஒரு பக்கம் வைக்கலாம். அந்தப் பெரியவர் எங்கே போனார்? வெள்ளைத் தொப்பி, கையில் பாதி உரித்த வாழைப்பழம், பட்டறைப் பலகையைப் பார்த்துச் சிரித்த அந்த ஏழு B? அவரை ஒரு புத்தகத்தின் பக்கமாக்கிவிட்டார்களே! பதினாலு மாதத்தில் ஒரு தடவை போன் செய்து, இது என்ன நம்பர் அக்கா என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே. கேட்பதற்குக்கூட அவள் ஓர் ஆள் இல்லையா?

கேள்வி நேரம் வந்தது. நவமணி கையைத் தூக்கினாள். மைக் முன்வரிசைக்குப் போனது. மறுபடி தூக்கினாள். மைக் ஓர் ஆசிரியரிடம் போனது. மூன்றாம் தடவையும் அவளைத் தாண்டியது. கலாதேவி கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் ஒரே ஒரு கேள்வி," என்றார்.

தர்மா எழுந்து நின்றார். முப்பது வருஷம் பஸ்ஸின் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கக் கத்திப் பழகிய குரல். "மேடம்! இங்க ஒருத்தவங்க இருவது நிமிஷமா கையத் தூக்கிக்கிட்டு இருக்காங்க. கை கழண்டு விழுந்துரும்லா!"

சிரிப்பு எழுந்தது. மைக் வந்தது. நவமணி எழுந்து அதை வாங்கினாள்.

"அந்த வேலிப் படத்த மறுபடி போடுங்க. கீழ 'தூன்'னு ஒரு சொல் இருக்கு. பக்கத்துல 2.30/D. அது என்ன டாக்டர்?"

ரூபன் அப்போதுதான் அவளைப் பார்த்தார். முகம் ஒரு தடவை வெளுத்தது. உடனே சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். "நல்ல கேள்வி. இரண்டாம் தொகுதி, முப்பதாம் பக்கம். D-ன்னா டேனிஷ்."

"எந்தப் பொஸ்தகத்தோட ரெண்டாம் தொகுதி?"

"அது பழைய அகராதி. பேர் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது."

"சொல்லுங்க. தெரிஞ்சுக்கிறேன்."

ரூபன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

"அது ரெண்டரை மணி பஸ்ஸு," என்றாள் நவமணி. "எங்க பஸ்ல ஒரு வரிசைக்கு மூணு சீட்டு. A, B, C. D-ன்னு சீட்டே இல்ல. அன்னிக்கு எல்லாம் ஃபுல். ஒரு பொண்ணு அழாத குறையா நின்னுச்சு. டிரைவர் பக்கத்துல ஒரு பலகை இருக்கும், அதுல ஏத்திவிட்டோம். D-ன்னா அந்தப் பலகை. அந்தப் பொண்ணு டேனிஷும் இல்ல. நார்வே."

"நான்தான் ஏத்துனேன்!" என்று தர்மா மறுபடி எழுந்தார். "ரூல்ஸ் இல்ல, தெரியும். மொதலாளி யாராச்சும் இங்க இருந்தா மன்னிச்சுக்கங்க. மலை வளைவுல என் சட்டை மேல வாந்தி எடுத்துச்சு அந்தப் பொண்ணு. சட்டையத் தூக்கிப் போட்டேன். டேனிஷாம்ல!"

இந்தத் தடவை மண்டபமே சிரித்தது. முதலில் கேள்வி கேட்ட மாணவி எழுதியதை அடித்துக்கொண்டிருந்தாள்.

ரூபன் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். இந்த அம்மா எனக்குச் சில தகவல் கொடுத்து உதவினவங்க. இல்லைன்னு சொல்லல. நன்றியுரையில சேர்க்கலாம். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். பட்டியல் சேர்க்கிறது வேற, ஆய்வு வேற. கவுண்டர்ல உட்கார்ந்து யார் வேணும்னாலும் சொல் சேர்க்கலாம். அதுக்குள்ள இருக்கிற உறவைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேணும்."

"பதினாலு மாசம் முன்னாடி அக்கா," என்றாள் நவமணி. "இன்னிக்கு 'இந்த அம்மா'. சரி, படிப்பையே பேசுவோம். நடுவுல அந்த வட்டம், அந்தக் கோடு, அதெல்லாம் யாரு போட்டது?"

ரூபன் மேசையில் இருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஆங்கிலத்துல டவுன். நமக்குத் தெரியும், பட்டணம். டச்சுல அதே சொல்லு டொய்ன், தோட்டம்னு அர்த்தம். நார்வேயில தூன், பண்ணை வீட்டு முற்றம். ஜெர்மன்ல ட்சவுன், வேலி. பட்டணம், தோட்டம், முற்றம், வேலி. எப்படி இது நாலும் ஒண்ணாகும்னு எட்டு மாசம் எனக்குப் புரியல. அப்புறம் ஒரு நாள் நான் பொறந்த தோட்டத்துப் பக்கம் போனேன். முதல்ல வேலி போட்டாங்க. வேலிக்குள்ள எடம் வந்துச்சு. எடத்துல வீடு வந்துச்சு. இப்ப அது பட்டணம் மாதிரி இருக்கு, பேரு தாமான். வேலிதான் முதல். வேலி போட்டவன் உள்ள இருக்கிறதுக்கு எல்லாம் பேரு வெச்சுக்கிட்டான். வீட்டுக்கு வந்து வட்டத்துக்குள்ள 'வேலி'ன்னு எழுதினேன். எந்தக் காலேஜும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. எங்கள வெளிய தள்ளுன வேலி சொல்லிக் குடுத்துச்சு."

கலாதேவி மேசை மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. ஒரு பக்கத்த நீங்க யாருக்கும் காட்டல. மூணாவது பொஸ்தகம். ஸ்லிம். ஆங்கிலத்துல ஒல்லி. டச்சுல கெட்டிக்காரன். ஜெர்மன்ல ஷ்லிம்னா மோசம். மூணுக்கும் ஆதிப் பொருளு கோணல். ஏன் காட்டலன்னு இப்பத்தான் புரியுது."

கைதட்டல் எங்கிருந்தோ ஆரம்பித்தது. நவமணி அதற்காக நிற்கவில்லை. மைக்கை மாணவியிடம் கொடுத்துவிட்டு நேராக அந்த மேசைக்குப் போனாள். 'தொடாதீர்கள்' அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் போட்டாள். பக்கங்களில் மஞ்சள் மையால் கோடு இழுத்திருந்தார்கள். அதையும் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். பத்து இருந்தது.

"பதினொண்ணாவது எங்க?"

"அது பதிப்பகத்துல இருக்கு," என்றார் ரூபன் தாழ்ந்த குரலில். "அக்கா, வெளியில போய்ப் பேசலாம்."

"எழுதிக் குடுங்க."

"என்னது?"

அவள் பத்தாவது புத்தகத்தில் ஒரு வெற்றுப் பக்கத்தைப் பிரித்து மேசை மேல் வைத்தாள். கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினாள். "நூத்து எண்பத்து மூணு பேரு என் பொஸ்தகத்துல அவங்க கையால எழுதியிருக்காங்க. நீங்களும் எழுதுங்க. பதினொண்ணாவது யாருடையது, எப்ப வரும்."

ரூபன் கலாதேவியைப் பார்த்தார். கலாதேவி எழுந்து வந்தார். நவமணி தூக்கிய கையை இருபது நிமிடம் பார்க்காமல் இருந்தவர் அவர். இப்போது முகம் சிவந்திருந்தது. "எழுதுங்க டாக்டர்," என்றார். "பந்திங்க நான் எடுக்கச் சொல்லிடறேன்."

ரூபன் எழுதினார். 'பதினொன்றாவது புத்தகம் நவமணி ஐயாவு என்பவருடையது. அடுத்த சனிக்கிழமைக்குள் திருப்பித் தருவேன்.' கையெழுத்தும் போட்டார். நவமணி பக்கத்திலேயே குறித்தாள்: சனி 10.00, மேடை.

"பேனாவுல எழுதச் சொல்லியிருக்கலாம்ல?" என்று காரில் தர்மா கேட்டார். "பென்சில்னா அழிச்சிருவான்."

"பொஸ்தகம் என்கிட்டதான இருக்கு, அவன் எங்க அழிக்கிறது? ஒருத்தர் சொன்னா பென்சில்தாண்ணே. டாக்டர்னா மட்டும் சட்டம் மாறுமா?"

வியாழக்கிழமை ஈப்போவிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு பார்சல் இறங்கியது. இறக்கி, பதிந்து, பெறுபவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியது நவமணியின் வேலை. பெறுபவரும் அவளே. பிரித்தாள். பதினொன்றாவது புத்தகம். ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை. பத்தாவது புத்தகத்தைத் திறந்து, ரூபன் பென்சிலால் எழுதிய இரண்டு வரியின் மேலும் நிதானமாகப் பேனா ஓட்டினாள். சொன்ன சொல்லை ஒரு பஸ் வந்து உறுதிசெய்துவிட்டது. அவரைப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பேனாவை மறுக்க முடியாது.

பிறகுதான் பார்சல் படிவத்தைப் பார்த்தாள். அனுப்பியவர் இரண்டு கட்டத்தை நிரப்பியிருந்தார். உள்ளே இருப்பது: பழைய தாள்கள். மதிப்பு: இல்லை.

மதிப்பு இல்லையாம். பதினாலு மாதம் வைத்திருந்து, மேடை போட்டு, பந்திங் அடித்து, கைதட்டல் வாங்கின பிறகு மதிப்பு இல்லையாம்!

அவள் 'இல்லை'யை ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் பேனாவால் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு, படிவத்தின் நகலை உறையிலிட்டு, ரூபனின் கல்லூரி முகவரியை ஒட்டி, ஈப்போவுக்குத் திரும்பிப் போகிற பஸ்ஸில் இருந்த தர்மாவிடம் நீட்டினாள்.

தர்மா உறைக்குள் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, இந்த மதிப்புக் கட்டத்துல காசத்தான எழுதுவாங்க. நீ என்ன, நூத்து எண்பத்து மூணு பேருன்னு எழுதியிருக்க?"

"தெரியும்ணே. பஸ்ஸ எடுங்க, நேரமாச்சு."